அமர ஓர் இருக்கை

(அறக்கட்டளையின் விழாவை ஒட்டி, மடவார் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய அன்பர் 'பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்' என்று குறிப்பிட்டார். ஓய்வு என்னும் சொல்லை விடுத்துப் பணிநிறைவு என்னும் சொல்லை நம் அலுவலகங்கள் வழக்கிற்குக் கொண்டுவந்தது எனக்கு உவப்பானதே. ஆயினும் அச்சொல்லில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. பணியை விட்டு வெளியேறிய பின்னர்தான் நிறைவு கிட்டும் என்பதுபோல் அது ஒலிக்கிறது. பணியில் இருக்கும்போதே நிறைவு கிட்ட வழி இல்லையா? எனக்கு இன்று தந்துள்ள தலைப்பும் ஏறத்தாழ இவ்வினாவே. பணியாளர் நிர்வாக நடைமுறைகள் ஊழியரின் ஈடுபாட்டையும் மனநிறைவையும் எங்ஙனம் ஆக்குகின்றன, எங்ஙனம் கெடுக்கின்றன என்று பேசப் பணித்துள்ளார்கள். மேலாண்மை கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்களிடம் படித்த பிள்ளைகள்தாம் ஐயா எங்கள் கடைகளில் வேலை பார்க்கிறார்கள்" என்றார். மறுக்க இயலாத விடை.

மேலாண்மைத் துறையினர் பணியாளரை 'மனிதவளம்' என்கிறார்கள். நீர்வளம், நிலவளம், கனிவளம் என்னும் வரிசையில் மனிதரையும் நிறுத்திவிட்ட அச்சொல்லோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் கடைத்தெருவில் அட்டையில் எழுதித் தொங்கவிடும் 'ஆள் தேவை' என்பதே மேல் என்று தோன்றுகிறது. அதில் ஆளாவது இருக்கிறார்.

மனநிறைவும் ஈடுபாடும் ஒன்று போலத் தோன்றினும் வேறு வேறானவை. வீட்டிற்கு அருகிலேயே வேலை, மாதம் தவறாமல் ஊதியம், கடிந்து பேசாத முதலாளி என்று அமைந்துவிட்டால் ஒருவர் மனநிறைவோடு இருக்கக்கூடும். ஆயினும் அவர் மனம் கடையில் இல்லாதிருக்கலாம். வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில் சேலை கீழே இல்லை என்றால், 'இல்லை' என்று சொல்லி அனுப்புபவரும் ஊழியர்தாம். 'சற்று இருங்கள் அம்மா' என்று இரண்டு மாடி ஏறித் தேடி எடுத்து வருபவரும் ஊழியர்தாம். இருவருக்கும் ஊதியம் ஒன்றே. அந்த இரண்டு மாடிப் படிகளைத்தான் ஈடுபாடு என்று இத்துறையினர் அழைக்கிறார்கள். அதற்கென்று ஊதியப் பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், 1959ஆம் ஆண்டில் தம் துணை ஆய்வாளர் இருவரோடு சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பிட்ஸ்பர்க் வட்டாரத் தொழிலகங்களில் பணிபுரிந்த பொறியாளர், கணக்காளர் ஏறத்தாழ 200 பேரை அணுகி, வேலையில் நீங்கள் மிக மகிழ்ந்த தருணம் எது, மிக வெறுத்த தருணம் எது என்று வினவியதன் பயன் அந்நூல். மகிழ்ந்த தருணங்களைச் சொன்னவர்கள், தாம் செய்து முடித்த வேலை, அதற்குக் கிடைத்த பாராட்டு, தம்மை நம்பி ஒப்படைத்த பொறுப்பு ஆகியவற்றைக் கூறினர். வெறுத்த தருணங்களைச் சொன்னவர்கள், நிர்வாகத்தின் விதிகள், மேற்பார்வையாளரின் போக்கு, ஊதியம், வேலை செய்யும் இடத்தின் நிலை ஆகியவற்றைக் கூறினர். அவருடைய ஆய்வு முறையைப் பின்வந்தோர் குறை கூறியதுண்டு. எனினும் அவர் கண்டது வணிகராகிய உங்களுக்கு எளிதில் விளங்கும். வெறுப்புக்கு ஒரு பேரேடு, விருப்புக்கு வேறொரு பேரேடு. முதல் பேரேட்டில் எழுதிய பற்றை இரண்டாம் பேரேட்டு வரவைக் காட்டி நேர் செய்ய இயலாது. தீபாவளிக்கு இனிப்பும் புத்தாடையும் வழங்குவது நல்ல வழக்கமே. ஆண்டு முழுதும் நின்று வீங்கிய காலுக்கு அது ஈடாவதில்லை.

காலைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த என் பழைய மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். பெருநகர் ஒன்றின் துணிக்கடையில் நான்காண்டுகள் வேலை பார்த்தவள். கடையின் பெயர் இங்கே வேண்டா. திண்ணையில் அமர்ந்ததும், "காலை நீட்டிக்கொள்ளட்டுமா ஐயா?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருநாளும் அவ்வாறு அமர்ந்தறியாத பெண். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. ஊதியம் போதவில்லை என்று அவள் முறையிடவில்லை. தங்குமிடத்தில் உணவு சுமாராக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது ஐயா, கேமராவில் பார்த்துவிட்டு மேலாளர் வந்துவிடுவார்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள். வாங்குவோர் எவரும் இல்லாத பிற்பகல் வேளையில், மடித்த துணியை மீண்டும் உதறி மடித்துக்கொண்டு நிற்பார்களாம். அந்தப் பெண்ணிடம் மேலே ஏறித் தேடும் ஈடுபாட்டை எதிர்பார்க்க யாருக்கு உரிமை உண்டு?

நிற்பவரைக் கணக்கில் கொள்ளாமை இக்காலத்துக் குறை மட்டும் அன்று. நாம் கூடியிருக்கும் இவ்வூர்க்கே உரிய செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தம் நோய் தீர இங்குள்ள வைத்தியநாதரை வழிபட்டு நலம் பெற்றார் என்றும், இக்கோயிலில் உச்சிக்கால வழிபாடு நிறைவுற்ற செய்தி எட்டிய பின்னரே உணவு கொண்டார் என்றும், அதற்காக இங்கிருந்து மதுரை வரை வழிநெடுக நகரா மண்டபங்கள் எழுப்பி, ஒரு மண்டபத்து முரசொலி கேட்டு அடுத்த மண்டபத்தில் முரசறைய ஏற்பாடு செய்தார் என்றும் கூறுவர். சிறுவனாக இருந்தபோது இக்கதையில் மன்னரின் பக்தியை வியந்தேன். இப்போது கேட்கும்போது, உச்சி வெயிலில் செவியைத் தீட்டிக்கொண்டு மண்டபந்தோறும் காத்திருந்த அந்த முரசறைவோரின் நினைவே வருகிறது. அவர்கள் எப்போது உண்டார்கள் என்பதைக் கதை சொல்லவில்லை.

நம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இயக்குநர் வசந்தபாலன் 2010ஆம் ஆண்டில் 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படத்தை எடுத்தார். சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடையொன்றில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை அது. அப்படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணீர் விட்டவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவிற்குச் சென்று துணி எடுத்தார்கள். நானும் என் இல்லத்தாரும் அதற்கு விலக்கில்லை. படம் வந்த பின்னும், நிற்போர் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

வழி முதலில் பிறந்தது கேரளத்தில். கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியாக இருந்த பி. விஜி என்பவர், மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைக் கூட்டி, 'பெண்கூட்டு' என்னும் அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கையன்று, கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாமையால் அப்பெண்கள் பகல் முழுதும் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டு, அதனால் நோயுற்றார்கள். அக்கோரிக்கையின் தொடர்ச்சியாகவே அமரும் உரிமை எழுந்தது. 2018ஆம் ஆண்டில் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்க்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது.

அடுத்து அவ்வுரிமையைச் சட்டமாக்கியது தமிழ்நாடு. 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் திருத்த முன்வடிவைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் 2021 செப்டம்பரில் சட்டப் பேரவையில் கொண்டுவந்தார். ஒவ்வொரு கடையும் நிறுவனமும் தன் ஊழியர் அனைவர்க்கும் தக்க இருக்கை வசதி செய்து தருதல் வேண்டும். வேலைக்கு இடையே அமர வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் அமர்ந்துகொள்ள அது பயன்படுதல் வேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டமே, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், தொடர்ந்து நான்கு மணி நேரம் உழைத்தவர்க்கு ஒரு மணி நேரமாவது ஓய்வு என்றும் வகுத்திருந்தது. இருக்கை மட்டும் 74 ஆண்டுகள் காத்திருந்தது. இங்கிலாந்தில் கடைப் பெண்களில் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று 1899ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இதனை இம்மேடையில் இத்தனை விரிவாகப் பேசக் காரணம், உங்கள் முன்னோர் இதனைச் சட்டத்திற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே சிந்தித்திருப்பதுதான். இல்லறத்தார்க்குரிய கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்தில் நேரும் மீறல்களை, தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் இயலில் எண்ணிச் சொல்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உரையாசிரியர்கள் மாட்டையும் பிற விலங்குகளையும் எடுத்துக்காட்டாக வைத்தே இவற்றை விளக்கிச் செல்வது வழக்கம். வண்டி மாட்டுக்கு அவர்கள் காட்டிய பரிவை வண்டி ஓட்டுபவர்க்கும் நீட்டிப் பார்க்கத் தடையொன்றும் இல்லை.

முதல் மூன்றும் நம் கடைகளில் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். பின்னிரண்டைப் பற்றி அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியுமா? மூவர் வேலையை இருவர் மேல் வைப்பது பாரம் ஏற்றுதல் ஆகாதா? ஆடித் தள்ளுபடி நாள்களில் மதிய உணவை மாலை நான்கு மணிக்கு உண்ண விடுவது எதில் சேரும்? கழிப்பறை இல்லாத கடையில் பானை நிறையத் தண்ணீர் வைத்திருந்தும், ஒரு பெண் அதை அருந்த அஞ்சுகிறாள் என்றால், அந்த நீரைத் தடுத்தவர் யார்? நீரை வடிகட்டி அருந்தும் வழக்கமுடைய குடும்பத்தினர் நீங்கள். சிற்றுயிர்க்காக அவ்வளவு எண்ணிப் பார்ப்பவர்கள். ஆகவேதான் துணிந்து கேட்கிறேன்.

உணவு வேளை என்றதும் வரலாற்றுச் செய்தி ஒன்று நினைவிற்கு வருகிறது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றியது. பெரம்பூர்ப் பகுதியில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்க்காக எழுந்த சங்கம் அது. பி.பி. வாடியா தலைவர், பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, பின்னர்ப் பத்திரிகை ஆசிரியரான திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. பலர் அறியாதது அதன் தோற்றுவாய். ஆலைக்கு அருகே வாழ்ந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் வணிகர்கள். செட்டியார் துணி வணிகம் செய்தவர். இருவரும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையொன்றை நடத்திவந்தனர். அங்கே சமயச் சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள், சொற்பொழிவு முடிந்த பின் தம் துயரங்களை அவ்விருவரிடமும் சொல்லலாயினர். அவர்கள் சொன்ன குறைகளுள் முன்னின்றது, நண்பகலில் அமர்ந்து உண்பதற்குப் போதிய நேரம் இல்லை என்பது. வாடியா ஆலை நிர்வாகத்தின் முன் முதலில் எடுத்துச் சென்றதும் அந்த உணவு இடைவேளையைத்தான்.

இதனை நான் மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம், அந்த இரண்டு வணிகர்களிடத்தில் சற்று நின்றுதான் மேலே செல்வேன். அவர்கள் தொழிலாளர்கள் அல்லர். ஆலையில் அவர்களுக்கு எவ்விதப் பங்கும் இல்லை. சமயச் சபைக்கு வந்தவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள், அவ்வளவே. இத்தகைய அறக்கட்டளைகளுக்கு அவர்களைவிட நெருங்கிய முன்னோடிகள் உண்டோ?

மீண்டும் இருக்கைக்கு வருகிறேன். சட்டம் வந்த பின் பல கடைகளில் முக்காலிகள் வந்தன. அண்மையில் வெளியூர்க் கடைத்தெரு ஒன்றில் சுற்றியபோது கவனித்துப் பார்த்தேன். ஒரு கடையில் முக்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் அட்டைப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. வேறொரு கடையில் முக்காலி அதற்குரிய இடத்திலேயே இருந்தது. அதன் அருகிலேயே ஓர் இளைஞர் நின்றுகொண்டிருந்தார். "உட்காரலாமே தம்பி" என்றேன். கல்லாப்பெட்டியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "பரவாயில்லை சார்" என்றார். சட்டத்தால் முக்காலியைக் கடைக்குள் கொண்டுவர முடிந்தது. கல்லாவில் இருப்பவரின் பார்வையை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வில்லியம் கான் என்னும் ஆய்வாளர் 1990ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையே ஊழியர் ஈடுபாடு குறித்த இன்றைய பேச்சுக்கெல்லாம் ஊற்றுக்கண் என்பர். கோடை முகாம் ஒன்றின் பணியாளரையும் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றின் பணியாளரையும் உடனிருந்து ஆராய்ந்து அவர் எழுதியது அது. ஒருவர் தம் வேலையில் தம்மை முழுமையாக ஈடுபடுத்த மூன்று நிலைகள் வேண்டும் என்கிறார். செய்யும் வேலைக்குப் பொருள் இருப்பதாகத் தோன்ற வேண்டும். தன் இயல்போடு இருந்தால் தீங்கு நேராது என்னும் அச்சமின்மை வேண்டும். உடலிலும் உள்ளத்திலும் அதற்கான தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும். அந்த இளைஞரிடம் இல்லாதது இரண்டாவது. அமர்ந்தால் சோம்பேறி என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சுபவர், கணக்கில் ஒரு பிழையைக் கண்டாலும் வாய் திறப்பாரா? பூச்சி அரித்த சரக்கு வந்திருக்கிறது என்று சொல்வாரா? இழப்பு யாருக்கு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை மேலாண்மை பயில்வோர் முதலாண்டிலேயே படிக்கிறார்கள். விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கப் போனார்கள். ஒளியைக் குறைத்தபோதும் உற்பத்தி கூடிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் பகுதி. அதிலுள்ள கணக்குகளைப் பிற்கால ஆய்வாளர் ஐயுற்றுள்ளனர். எனக்குப் பிடித்தது அதன் பின்பகுதி. அந்நிறுவனம் 20,000க்கும் மேற்பட்ட ஊழியரோடு நேர்காணல் நடத்தியது. தொடக்கத்தில் வினாக்களை எழுதிவைத்துக்கொண்டு கேட்டார்கள். ஊழியர்களோ வினாவை விட்டுவிட்டுத் தம் மனத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினர். பின்னர் வினாத்தாளை ஒதுக்கிவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்பதே நேர்காணல் என்று முறையை மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியனாக இருந்தவனுக்கு இது வியப்பளிக்கவில்லை. வினாத்தாளுக்கு வெளியே எழுதும் மாணவனிடம்தான் விடை இருக்கும்.

'இவையெல்லாம் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலைக்கும் கம்பெனிக்கும் உரியவை. பத்துப் பேர் உள்ள கடைக்கு எதற்கு?' என்று சிலர் எண்ணக்கூடும். இராசபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் நூற்பாலை தொடங்கிய நாள் முதல், இவ்வட்டாரத்தில் ஒவ்வொரு தெருவிலும் ஆலைக்குப் போனவர் ஒருவரேனும் உண்டு. சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தறிகளும், சிவகாசியின் அச்சகங்களும், நம் திருவில்லிபுத்தூரின் பால்கோவா அடுப்புகளும் இதே மக்களின் உழைப்பில்தான் நடக்கின்றன. பெரிய ஆலையில் குறை சொல்லச் சங்கம் உண்டு, அலுவலர் உண்டு, பதிவேடு உண்டு. பத்துப் பேர் கடையில் முதலாளியின் முகம் ஒன்றே உண்டு. அவர் காலையில் எந்த முகத்தோடு வருகிறார் என்பதே அன்றைய நிர்வாக நடைமுறை. ஆகவே சிறு கடைக்குத்தான் இப்பேச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

பெரிய இடங்களிலும் எல்லாம் செம்மையாக இருந்துவிடவில்லை. 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தமிழகத்து நூற்பாலைகள் பலவற்றில் திருமணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய முறை அது. மங்கலமான பெயரைச் சூட்டி, மாதந்தோறும் கையில் வரவேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இடையில் நோயுற்று வெளியேறிய பெண்களுள் பலர் அத்தொகையைக் காணவில்லை. தங்குமிடம், உணவு, பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று அதனைப் புகழ்ந்தவர்களும் உண்டு. வாயிற்கதவு பூட்டியிருக்கும் இடத்தில், ஒருவர் விரும்பி இருக்கிறாரா, வழியின்றி இருக்கிறாரா என்று எப்படி அறிவது?

இப்போது அவ்விடுதிகளில் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத்துப் பிள்ளைகள் மிகுதியாக இருக்கிறார்கள். அவர்களுடைய குறையைச் சொல்ல நம் மொழி அவர்களிடம் இல்லை. இராசத்தானத்திலிருந்து வந்து, தமிழைக் கற்று, கடை வைத்து, இம்மண்ணோடு ஒன்றிப்போன உங்கள் முந்தைய தலைமுறையினர்க்கு அந்நிலை புதிதன்று. வேற்றூரில் மொழி தெரியாமல் கழித்த முதல் ஆண்டைப் பற்றி உங்கள் இல்லத்து முதியோர் சொல்லியிருப்பார்கள்.

திருக்குறளின் அதிகார அடைவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல்; ஆளைத் தேர்வது. 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது. இவ்விரண்டோடு நிர்வாகம் முடிந்தது என்றுதான் நாம் கருதுவோம். அடுத்து நிற்பதோ சுற்றந்தழால். உறவினரைத் தழுவிக்கொள்ளுதல் பற்றியது அது. வேலையை ஒப்படைத்த அதிகாரத்தை அடுத்து அது வந்து நிற்பதற்கு உரையாசிரியர்கள் தத்தம் காரணம் கூறுவர். வேலைக்கு வந்தவரும் சுற்றத்துள் சேர்வார் என்று நான் எனக்காகப் பொருள் செய்துகொள்கிறேன். புலவர்கள் என்னோடு வழக்காடினால் எதிர்வழக்காட மாட்டேன்.

என் பணிக்காலத்தில் தலைமையாசிரியர்கள் பலரின் கீழ் வேலை பார்த்தேன். இருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒருவர் மிக நேர்மையானவர். விடுப்பு, ஊதிய உயர்வு, நிலுவை எதையும் ஒருநாள் தாமதிக்கமாட்டார். அவர் காலத்தில் எங்களுக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. மணி அடித்ததும் வீட்டிற்குப் போவோம். மற்றொருவர் ஆண்டுத் தொடக்கத்தில் காலஅட்டவணையைப் பென்சிலில் எழுதி எடுத்துக்கொண்டு ஒவ்வோர் ஆசிரியரிடமும் வருவார். "மதியம் கடைசி வகுப்பில் இலக்கணம் வைத்திருக்கிறேனே, பிள்ளைகள் தூங்கிவிடுவார்களா?" என்று கேட்பார். நாங்கள் சொல்வதை எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. பாதியைத் தள்ளிவிடுவார், தள்ளியதற்குக் காரணத்தைச் சொல்லிவிடுவார். அவர் காலத்தில்தான் தேர்வு நாள்களில் மாலை ஆறரை மணி வரை பள்ளியில் இருந்தோம். இருக்குமாறு அவர் சொன்னதே இல்லை. பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள வேற்றுமை அவ்வளவு பெரியது என்பதை அப்போதுதான் கண்டேன்.

இதற்குச் செலவு ஏதுமில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஊழியரைக் கேட்டால் அவர் சொல்வார். சொன்னால் சிலவற்றைச் செய்தாக வேண்டும். கழிப்பறை கட்ட இடம் வேண்டும். கடைத்தெருவில் சதுர அடி என்ன விலை என்பதை நானும் அறிவேன். இன்னோர் ஆளை வைத்தால் மாத ஊதியம் ஒன்று கூடும். அந்தச் செலவுக்கு எதிரே வைத்து எண்ண வேண்டிய தொகை ஒன்றும் உண்டு. பழகிய ஒருவர் விலகிப்போனால், புதியவர் சரக்கை அறிந்து, வாடிக்கையாளர் முகம் பழகி, நம்பிக்கைக்கு உரியவராவதற்கு எத்தனை மாதம் ஆகிறது? அத்தனை மாதத்திலும் கைநழுவிப் போன விற்பனை எவ்வளவு? எந்தக் கடையின் பேரேட்டிலும் இத்தொகையை நான் கண்டதில்லை.

இன்று 20 ஆண்டும் அதற்கு மேலும் ஒரே கடையில் பணிபுரிந்தவர்க்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அது நல்ல செயல்; அவர்கள் முகத்தில் ஒளியைக் கண்டேன். அவர்கள் ஏன் இத்தனை ஆண்டு தங்கினார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்தில் விலகிப்போன பிள்ளைகள் இக்கூட்டத்தில் இல்லை. அவர்களை யாரும் அழைக்கவும் இல்லை. வேலையை விடுகிறேன் என்று சொல்பவரிடம், கணக்கு முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்த பிறகு, முதலாளி அல்லாத வேறொருவர் அமர்ந்து கால்மணி நேரம் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். பணத்தைக் கொடுத்த பிறகு என்பது முக்கியம். அதற்கு முன் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். கடைதோறும் இதற்கு ஆள் வைக்க இயலாது. அறக்கட்டளையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் இதற்கென அமரலாம். சொன்னவர் பெயரைச் சொல்லாமல், சொன்ன செய்தியை மட்டும் கடைக்காரர்க்குத் தெரிவிக்கலாம். இராசபாளையத்துக் கடைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பொறுப்பாளர்கள் இசைந்தால், கேட்க வேண்டிய நான்கைந்து வினாக்களை எளிய தமிழில் நான் எழுதித் தருகிறேன். இந்தியும் ஒடியாவும் அறிந்தவர்கள் அவற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஆலை விடுதிகளுக்கும் அது பயன்படும். அடுத்த மாதத்திலிருந்தே தொடங்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு.